வராதவர் பட்டியல்

அந்தச் சுகாதார நிலையத்தின் வாசலுக்கு மனிதர்கள் வருவதற்கு முன்பே அவர்களுடைய சாமான்கள் வந்துவிடும். துணிப்பை, தண்ணீர் பாட்டில், பாதிச் செங்கல், ஒற்றைச் செருப்பு. காலை ஆறு மணிக்கே இவையெல்லாம் வரிசையில் உட்கார்ந்திருக்க, சொந்தக்காரர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே, தங்கள் செங்கலை எவனாவது நகர்த்துகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏழரை மணிக்குச் சீட்டம்மா வந்து ஜன்னலைத் திறந்தால், சீட்டு எழுதுவதற்கு முன்னால் செங்கல்களுக்குப் பஞ்சாயத்து பண்ண வேண்டியிருக்கும்.

சீட்டம்மா என்பது அங்கே வருகிறவர்கள் வைத்த பெயர். பதினோரு வருடமாக அதே ஜன்னல், அதே மர ஸ்டூல். பெயர், வயது, என்ன தொந்தரவு என்று கேட்டு, எழுதி, கிழித்துக் கொடுப்பாள். வாய் கொஞ்சம் நீளம். “இருமலுக்கு வந்தீங்களா, இல்ல ஊர்க்கதை பேச வந்தீங்களா?” என்று ஜன்னல் வழியே சத்தம் போடுவாள். ஆனால் யாருக்கு எப்போது ரத்த அழுத்த மாத்திரை தீரும், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் புத்தகத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். உள்ளே ஒரே ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள். மூத்தவரை எல்லாரும் ஹெட் சிஸ்டர் என்பார்கள். ஆறு மணிக்கு வந்தவர் டாக்டரின் முகத்தைப் பார்க்கப் பத்து மணி ஆகிவிடும். மழைக்காலத்தில் தகரக் கூரைக்கடியில் எல்லாரும் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு, இல்லாத நோயையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்போதுதான் ஹெட் சிஸ்டர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தார். போகும்போது தலைவலியோடு போனவர், வரும்போது கலர் பேனாக்களும் சார்ட் காகிதமுமாக, புதுக் கல்யாணப் பெண்ணைப் போல வந்தார்.

“இனிமே யாரையும் குறை சொல்லப் போறதில்ல. குறையை அளக்கப் போறோம்” என்றார் மதிய டீயின்போது. “ஒரு சின்ன மாற்றம் செய்வோம். ஒரு வாரம் பாப்போம். சரியா வந்தா வெச்சுக்குவோம், வரலன்னா மாத்துவோம். எது நடந்தாலும் ஏன்னு கேக்கணும். ஒரு தடவை கேட்டா பத்தாது. அஞ்சு தடவை கேட்டாதான் வேர் கிடைக்கும்.”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தடவை ஏன்னு கேட்டாலே சண்டை வந்துடும் சிஸ்டர்” என்றாள் சீட்டம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேட்கத்தான் செய்தார்கள். ஏன் நாலு மணி நேரம் ஆகிறது? டாக்டர் அறையில் கூட்டம். ஏன் கூட்டம்? புண்ணுக்குக் கட்டு மாற்ற வருகிறவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். மூன்றாவது ‘ஏன்’ வருவதற்குள் சீட்டம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

“கட்டு போட வர்றவங்களுக்கு டாக்டர் எதுக்கு? ஏற்கெனவே பாத்தவங்கதான? பேரைப் பட்டியல்ல எழுதிடுவோம். பக்கவாட்டுக் கதவு சும்மாதான பூட்டிக் கிடக்கு, அது வழியா நேரா கட்டுப் போடற ரூமுக்குப் போகட்டும். என் ஜன்னலுக்கே வர வேண்டாம்.”

ஹெட் சிஸ்டர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்து, “பதினோரு வருஷமா இந்த மூளையை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?” என்றார். அந்த வருடத்தில் சீட்டம்மாவை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அந்த வருடம் என்ன, எந்த வருடமும் இல்லை.

முறை பலித்தது. அதில் பொய்யில்லை. முதல் வாரத்திலேயே நாலு மணி நேரம் இரண்டரையானது. ஹெட் சிஸ்டர் சுவரில் சார்ட்டை ஒட்டி, வாராவாரம் ஒரு புள்ளி வைத்துக் கோட்டால் இணைத்தார். கோடு இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்றரை மணி. ஒரு மணி. செங்கல்கள் காணாமல் போயின. வீட்டுக்குப் போனதும் சீட்டம்மா, வேன் ஓட்டிக் களைத்து வந்து கிடக்கும் கணவரிடம் அந்தக் கோட்டைக் காற்றில் வரைந்து காட்டுவாள். அவர் “ம்” என்பார். “வெறும் ம்-மா?” என்று கோபித்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் சீட்டம்மாவின் அக்காவுக்குக் காலில் ஊசி ஏறியது.

அக்கா இரண்டு தெரு தள்ளி, ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். தையல்தான் அவளுக்குத் துணை. பள்ளிக்கூடம் திறக்கப்போகும் நேரம் என்பதால் சீருடை மூட்டை மூட்டையாக வந்திருந்தது. கால்சட்டைக்குப் பை வைத்து, இடுப்புப் பட்டி தைத்து, பக்கத்து அறையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண்ணிடம் தள்ளிவிட வேண்டும். காலையில் ஒன்பதரைக்கு ஆள் வந்து மூட்டையை எடுத்துப் போவான். செருப்புப் போட்டு மிதித்தால் மெஷின் ஓட்டம் தெரியாது என்று, அந்தக் காலத்துப் பழக்கமாக வெறுங்காலில்தான் மிதிப்பாள். உடைந்து விழுந்த ஊசித் துண்டு உள்ளங்காலில் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. பல வருடச் சர்க்கரை, கால் மரத்துப்போயிருந்தது. தரையில் ரத்தத்தைக் கண்ட பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தாள்.

சீட்டம்மாதான் அக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள். டாக்டர் துண்டை எடுத்தார், மாத்திரை எழுதினார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றச் சொன்னார். பட்டியலில் அக்காவின் பெயரைச் சீட்டம்மாவே தன் கையால் எழுதினாள்.

“பக்கவாட்டுக் கதவு வழியா வா. வரிசை கிடையாது, ராணி மாதிரி நேரா உள்ள போயிடலாம். யாரு போட்ட முறை தெரியுமா?”

“தெரியும் தெரியும், ஊருக்கே தெரியும்” என்றாள் அக்கா. சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது.

அதன் பிறகு சீட்டம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். வேலை அவளுக்கும் கழுத்து வரை இருந்தது. தொலைபேசியில் நேரம் குறித்துக் கொடுப்பதையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். இரண்டாவது தடவை போனபோது அக்கா ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றபடியே தைத்துக்கொண்டிருந்தாள். காலில் துணிக்கட்டு இருந்தது.

“என்னக்கா, கட்டு மாத்தப் போறியா ஒழுங்கா?”

“போயிட்டுதான் வரேன்.”

“வலி?”

“வலிச்சாதான் தேவலையே. ஒண்ணும் தெரியல. நீ போ, உனக்கு வேலை இருக்கும். கோடு எங்க நிக்குது?”

“முப்பத்தஞ்சு நிமிஷம்க்கா!”

“அடேங்கப்பா” என்று அக்கா மிதியில் காலை வைத்தாள்.

அடுத்த வாரம் கோடு முப்பதுக்குக் கீழே இறங்கியது. ஹெட் சிஸ்டர் கேக் வாங்கி வந்தார். மேலிடத்திலிருந்து குழு வந்து பார்க்கப் போகிறது, மற்ற நிலையங்களுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள், பக்கவாட்டுக் கதவைப் பற்றிச் சீட்டம்மாவே பேச வேண்டும் என்றார். சீட்டம்மா கேக்கை வாயில் வைத்தபடி, “எனக்கு மேடையில நின்னா கால் ஆடும் சிஸ்டர்” என்றாள். அன்று கடைத்தெருவில் எதிரே வந்த ஒரு பெண், காலில் கட்டோடு, இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பொறாமை பிடித்தவள் என்று சீட்டம்மா நினைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்துக் காலையில் காஜா எடுக்கும் பெண் போன் பண்ணினாள். அக்காவுக்கு உடம்பு கொதிக்கிறது, எழுப்பினால் உளறுகிறாள், அறையில் நாற்றம் தாங்கவில்லை என்றாள். சீட்டம்மாவின் கணவர் வேனை எடுத்து வந்தார். அக்காவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையைச் சீட்டம்மா தன் மடியில் போட்டுக்கொள்ள, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் மழை. வைப்பர் வேலை செய்யாததால் கணவர் கையை வெளியே விட்டுக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருவர் கட்டைப் பிரித்தார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. உள்ளங்கால் பிளந்து கிடந்தது. அவர் கம்ப்யூட்டரில் சுகாதார நிலையத்துப் பதிவைத் தேடிப் பிடித்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

“ரெண்டு தடவை கட்டு மாத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் ஏழு தடவை வரவே இல்லையே. வரவில்லை, வரவில்லை, வரவில்லைன்னு வரிசையா இருக்கு. சர்க்கரை இருக்கிற கால், இப்படி அலட்சியமா இருக்கலாமா? நீங்க என்ன வேணும் இவங்களுக்கு?”

“தங்கச்சி.”

“எங்க வேலை பாக்கறீங்க?”

சீட்டம்மா அக்காவின் போர்வையைச் சரிசெய்தாள். கணவர்தான் சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு இவளைப் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் அவளை என்னவோ செய்துவிட்டது. குளுக்கோஸ் ஏறி, அக்கா கண்ணைத் திறந்ததும், சுற்றிலும் ஆறு கட்டில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, சீட்டம்மா கத்தினாள்.

“ஏன்க்கா என்கிட்ட பொய் சொன்ன? போயிட்டு வரேன், போயிட்டு வரேன்னு சொன்னியே! மூட்டை தைக்கறதுதான் பெரிசாப் போச்சா உனக்கு? என் மானமே போச்சு இங்க!”

அக்கா உதட்டை நனைத்துக்கொண்டாள். “நான் போனேன்டி.”

“போயிருந்தா எழுதியிருப்பாங்கல்ல? ஏழு நாள் வரலைன்னு இருக்கு. பொய்யா எழுதுவாங்க?”

“போனேன்” என்றாள் அக்கா மறுபடியும். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரல்களை எடுக்கக் கையெழுத்து கேட்டு வந்தபோதும் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் சீட்டம்மா ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஜன்னலைத் திறக்காமல், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்குப் போனாள். தான் சொல்லித் திறந்த கதவை அவள் மூன்று மாதமாகப் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கம் சந்து. சந்தில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். கட்டுப் போட்ட கால்கள், கைகள், ஒருவர் தாடையைச் சுற்றித் துணி. சுவரோரம் அவளுடைய பழைய சிநேகிதர்களெல்லாம் இருந்தார்கள். செங்கல், பாட்டில், ஒற்றைச் செருப்பு.

கதவருகே வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணே இது கூட்டம்?”

“தினமும் இருக்கறதுதானம்மா. முதல் பதினஞ்சு பேரை விடுவேன். அதோட கதவைச் சாத்திடச் சொல்லியிருக்காங்க. மத்தவங்க நாளைக்கு.”

“யார் சொன்னா?”

“ஹெட் சிஸ்டர்தான். ஒரு வாரம் செஞ்சு பாப்போம்னாங்க. அது ஆச்சு ரெண்டு மாசம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்கக்கா கால் எப்படி இருக்கு? பாவம், மூட்டையை அனுப்பிட்டு அவங்க வர்றதுக்குப் பத்து மணி ஆயிடும். அதுக்குள்ள பதினஞ்சு முடிஞ்சிருக்கும். நானே சொன்னேன், உள்ளதான உங்க தங்கச்சி இருக்கு, ஒரு குரல் கொடுங்க, உடனே விட்டுடுவாங்கன்னு. வேண்டாம்னுட்டாங்க.”

“ஏன்?”

“‘அவ போட்ட முறை. அவளே அக்காவுக்காக மீறினான்னு நாலு பேர் பேசக் கூடாது. நல்ல பேர் வாங்கிட்டு இருக்கா’ன்னாங்க. ஏழெட்டு தடவை வந்திருப்பாங்கம்மா. நொண்டி நொண்டித்தான் திரும்பிப் போனாங்க.”

சீட்டம்மா சந்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். முன் வாசலில் ஒரு ஆளும் இல்லாமல், கோடு அழகாக இறங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தன.

ஹெட் சிஸ்டர் மருந்து அலமாரியைத் திறந்துகொண்டிருந்தார். இவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதவைச் சாத்தினார்.

“ஏன் சிஸ்டர் பதினஞ்சு?”

“கட்டு போடறதுக்கு ஒரே ஆள்தான இருக்கு. பதினஞ்சுக்கு மேல போனா அவ டாக்டர் ரூமுக்கு உதவிக்கு வர முடியாது. கோடு ஏறிடும்.”

“ஏன் ஒரே ஆள்? கேக்க வேண்டியதுதான?”

“கேக்கலைன்னு நெனச்சியா? மேலிடத்துக்கு மூணு தடவை எழுதினேன். முதல்ல நேரத்தைக் குறைச்சுக் காட்டுங்க, அப்புறம் ஆள் தர்றதைப் பத்தி யோசிக்கலாம்னாங்க. காட்டினேன்.”

“வந்தவங்களை ஏன் வரலைன்னு எழுதினீங்க?”

ஹெட் சிஸ்டர் கம்ப்யூட்டரைத் தன் பக்கமிருந்து இவள் பக்கம் திருப்பினார். “நீயே பாரு. ஒவ்வொரு பேருக்கும் நேரா மூணே மூணுதான் இருக்கு. வந்தார். வரவில்லை. இறந்தார். இதுல ஒண்ணை அமுக்கினாதான் அடுத்த பேருக்குப் போகும். திருப்பி அனுப்பினோம்னு எழுத எங்கடி இடம்? நான் எதை அமுக்கறது?”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ எல்லாரையும் உள்ள விட்டிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? அதோட...” ஹெட் சிஸ்டர் மாத்திரை அட்டைகளை எடுத்து எடுத்து அடுக்கினார். “நீ ரொம்பச் சந்தோஷமா இருந்த.”

சீட்டம்மாவுக்குக் கடைசியாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்காமல் போய்விட்டால் நல்லது என்றும் தோன்றியது.

“எங்கக்கா பேரைப் பாத்தீங்களா சிஸ்டர்? அமுக்கும்போது?”

ஹெட் சிஸ்டர் அலமாரியைப் பூட்டினார். வெளியே யாரோ ஜன்னலைத் தட்டி, “சீட்டம்மா, மணி எட்டாச்சு!” என்றார்கள்.

“பாத்தேன்” என்றார் ஹெட் சிஸ்டர். “ஏழு தடவையும் பாத்தேன்.”

இந்தப் பெண்மணியோடுதான் பதினோரு வருடமாக ஒரே டிபன் பெட்டியிலிருந்து சாப்பிட்டிருக்கிறாள். பிரசவ வலி எடுத்தபோது இவர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். திட்ட வேண்டும் என்று வந்தவள் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டாள். போய் ஜன்னலைத் திறந்து சீட்டு எழுதினாள். கை அது பாட்டுக்கு எழுதியது.

குழு வெள்ளிக்கிழமை வந்தது. மேலதிகாரி ஒருவர், கூட நாலு பேர். சுவர்ச் சார்ட்டைப் போட்டோ எடுத்தார்கள். ஹெட் சிஸ்டர் பேசினார். பிறகு, “இது யாருடைய யோசனையோ அவங்களே சொல்லட்டும்” என்று இவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, பயமும் இருந்தது.

சீட்டம்மா எழுந்தாள். கால் ஆடத்தான் செய்தது.

“ரெண்டு மாசத்துல எழுநூத்தி எண்பத்திரண்டு தடவை வரவில்லைன்னு இருக்குங்க. நேத்து ஒவ்வொண்ணா பாத்தேன். பாதிக்கு மேல பேரை எனக்கு நேர்ல தெரியும். அவங்கல்லாம் வந்தாங்க. பக்கத்துச் சந்துல நின்னாங்க. நாங்கதான் கதவைச் சாத்தினோம். அவங்க காத்திருந்த நேரம் இந்தக் கோட்டுல இல்ல. அதுல ஒருத்தங்களுக்கு இந்த வாரம்தான் ரெண்டு விரல் எடுத்துட்டாங்க.”

ஹெட் சிஸ்டர் தரையைப் பார்த்தார். இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று சீட்டம்மா நின்றாள். வேலை போகும், அல்லது கதவு திறக்கும். இரண்டில் ஒன்று நடக்கும் என்று நினைத்தாள்.

மேலதிகாரி மெல்லத் தலையாட்டினார். பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

“ரொம்ப நல்ல கவனிப்பு. அடிமட்டத்துல இருக்கறவங்க இப்படி வெளிப்படையாப் பேசறதுதான் இந்த முறையோட வெற்றியே. இதை அடுத்த சுற்றுல எடுத்துக்கலாம்” என்றார். பிறகு கை தட்டினார். கூட வந்த நாலு பேரும் தட்டினார்கள். ஒருவர் பின்னாலிருந்து, இவளைச் சார்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்.

சாயங்காலம் பார்வை நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கியிருந்தாள். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலில் பெரிய கட்டு. இவளைப் பார்த்தும் பார்க்காதவள் போலப் போர்வையின் ஓரத்தைத் திருப்பி, பிரிந்திருந்த தையலை விரலால் நிரடிக்கொண்டிருந்தாள். சீட்டம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆரஞ்சை உரித்தாள். நாலு நாளாகக் கணவரையே இங்கே அனுப்பிவிட்டு, மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்ததெல்லாம் மறந்துபோய், அழுகையும் பேச்சுமாக ஒன்றாக வந்தது.

“அக்கா, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுக்கா. நீ ஏழு தடவையும் வந்திருக்க. நான் பாவிக்கா. இத்தனை பேர் முன்னாடி உன்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டேன். நீ நிஜமாவே வந்திருக்கக்கா.”

அக்கா போர்வையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“யார் சொன்னா உனக்கு?”

“வாட்ச்மேன் அண்ணன்.”

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

“முதல்ல கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னு நம்பின. இப்போ வாட்ச்மேன் சொன்னாருன்னு நம்பற” என்றாள். “நடுவுல நானும் சொன்னேன்டி. ரெண்டு தடவை சொன்னேன்.”

சீட்டம்மாவின் கையில் உரித்த ஆரஞ்சு அப்படியே இருந்தது. நீட்டவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.